வாயுள்ள பிள்ளை பிழைக்குமா?

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்பது நம்மவர் பழமொழி. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதைவிட ஏற்ற மொழி வேறில்லை. பவானிபூரில் குடியேறிய சில மாதங்களுக்குள் யதுபாபு சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசவும், பேருந்தில் சில்லறைக்கு வாதாடவும் நாம் கற்றுக்கொண்டு விடுகிறோம். நம் பிள்ளைகளோ தெருவிலும் பள்ளியிலும் பழகி, வங்காளியரே வியக்கும் வண்ணம் வங்காளம் பேசுகின்றனர். அதைக் கேட்டுப் பூரிக்கிறோம். ஊரிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். அப்படிப் பூரித்தவர்களுள் நானும் ஒருவன். அந்தப் பூரிப்பே என் தாயின் உயிரைப் பறிக்க இருந்தது. அதனை மறைக்காமல் எழுதுவது பிற குடும்பங்களுக்கு நன்மை பயக்கும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் தாயார் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்திலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்தார். அவருக்கு அறுபத்து மூன்று வயது. தமிழன்றி வேறு மொழி அறியார். ஒருநாள் மழைநீர் தேங்கிய சந்தில் கால் இடறி முழங்காலுக்குக் கீழே சிராய்ப்புண்டாயிற்று. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டார். எங்களிடம் ஒன்றும் கூறவில்லை. மூன்றாம் நாள் கால் வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டது. என் மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்காக ஊர் சென்றிருந்தாள். எனக்கோ அன்று நிலையத்தில் பயணச்சீட்டுச் சாளரத்தில் வேலை, விடுப்புக் கிடைக்கவில்லை. ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகனை அழைத்து, “பாட்டியை நம் பகுதி நர்சிங் ஹோமுக்கு அழைத்துச் செல், உனக்குத்தான் வங்காளம் நன்றாகத் தெரியுமே” என்று சொல்லிப் பணமும் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். அவனுக்கு வயது பதினொன்று.

நர்சிங் ஹோமில் அவனுக்கு ஒரு குறையும் நேரவில்லை. அன்பாகவே நடத்தியிருக்கிறார்கள். செவிலிப் பெண் ஒருத்தி கையில் தாளுடன் வந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். பெயர், வயது, சர்க்கரை உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் சிறுவன் கேட்டுக் கேட்டுச் சொன்னான். இறுதியில் அவள், “கோனோ ஓஷுதே அலர்ஜி ஆச்சே?” என்றாள், எந்த மருந்தாவது உடம்புக்கு ஒவ்வாதா என்பது அதன் பொருள். அலர்ஜி என்ற சொல்லை அவன் பள்ளியில் கேட்டிருக்கிறான். அது தோலில் அரிப்பு என்பதே அவன் அறிந்த பொருள். ஆகையால் பாட்டியின் பக்கம் திரும்பி, “பாட்டி, உங்களுக்கு எங்கேயாவது அரிக்கிறதா?” என்று கேட்டான். “இல்லையடா கண்ணா, வலிதான்” என்றார் அவர். “நேயி” என்றான் அவன். செவிலி எழுதிக்கொண்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊரில் என் தாயாருக்குப் பெனிசிலின் ஊசி போட்டபோது முகம் வீங்கி மூச்சுத் திணறியது. “இம்மருந்து இனி எக்காலத்தும் கூடாது, எங்கே சென்றாலும் இதைச் சொல்லுங்கள்” என்று மருத்துவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டு எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியின் அடியில், நிலப் பத்திரங்களோடு பத்திரமாக இருந்தது.

அன்று போட்ட ஊசியும் பெனிசிலின் இனத்தைச் சேர்ந்ததே. பத்து நிமிடத்துக்குள் உதடும் கண்ணிமையும் வீங்கின. “தொண்டையை யாரோ பிடிக்கிறார்கள்” என்று அவர் தமிழில் கூவியிருக்கிறார். சுற்றியிருந்த யாருக்கும் அது விளங்கவில்லை. விளங்கிய சிறுவனுக்கோ நா எழவில்லை. நல்ல வேளையாக அந்தச் செவிலி முகத்தைப் பார்த்தே நிலைமையை உணர்ந்து மருத்துவரை அழைத்தாள். உடனே மாற்று ஊசி போட்டுப் பிராணவாயுவும் வைத்தனர். தாயார் பிழைத்தார். நான் வேலை முடிந்து, சாளரப் பணியின்போது எடுக்கக் கூடாதென்று வைத்திருந்த கைபேசியைத் திறந்து பார்த்தபோது, பதினேழு அழைப்புகள் வந்திருந்தன.

ஓடிப் போய்ப் பார்த்தேன். தாயார் உறங்கிக்கொண்டிருந்தார். என் மகன் நடைக்கூடத்தின் மூலையில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவன் அழவில்லை. “அப்பா, நான் தப்பாகக் கேட்டுவிட்டேன்” என்று மட்டும் சொன்னான்.

முதலில் எனக்கு நர்சிங் ஹோமின் மீது அடங்காச் சினம் எழுந்தது. சத்தமிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் முதிய மருத்துவர் ஒருவர் என்னைத் தம் அறைக்கு அழைத்து, அந்தத் தாளை என் முன் வைத்தார். மருந்து ஒவ்வாமை இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே, தகவல் தந்தவர் பேரன் என்றிருந்தது. வயதும் எழுதப்பட்டிருந்தது. “இந்த ‘இல்லை’ யாருடைய இல்லை என்று நேற்று முதல் யோசிக்கிறேன். உங்கள் தாயார் சொன்னதன்று. அவரிடம் அக்கேள்வி போய்ச் சேரவே இல்லை. சிறுவன் சொன்னதுமன்று, அவனுக்குப் பொருள் தெரியாது. பதினொரு வயதுப் பிள்ளையின் சொல்லை நாங்கள் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. நீங்களும் அவனை அனுப்பியிருக்கக் கூடாது” என்றார் அவர். என் சினம் அங்கேயே வடிந்துவிட்டது. பிழையில் பாதி அவர்களுடையது; பாதி என்னுடையது. பிள்ளையினுடையது ஒன்றுமே இல்லை.

இந்நிகழ்ச்சிக்குப் பிறகு நோயாளியின் உரிமைகள் எவை என்பதை ஓய்வு நேரங்களில் தேடிப் படித்தேன். அப்போது நம் பவானிபூரோடும் நான் பணிபுரியும் இரயிலோடும் தொடர்புடைய வழக்கு ஒன்று கண்ணில் பட்டது.

1992ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் இரவு ஏழே முக்கால் மணியளவில் மதுராபூர் நிலையத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி இரயிலிலிருந்து விழுந்தார். தலையில் கடுங்காயம், மூளையில் இரத்தக் கசிவு. உள்ளூர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வசதியில்லை. நள்ளிரவுக்குச் சற்று முன்பு சியால்தாவுக்கு அருகிலுள்ள நீலரத்தன் சர்க்கார் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தனர். படுக்கை இல்லை என்றார்கள். கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் படுக்கை இல்லை. இரவு ஒரு மணிக்கு நம் பவானிபூரின் சம்புநாத் பண்டித் மருத்துவமனைக்கு வந்தனர். அதற்குரிய பிரிவு இங்கில்லை என்றார்கள். பிறகு நேஷனல் மருத்துவக் கல்லூரி, பாங்கூர் நரம்பியல் நிலையம், எஸ்.எஸ்.கே.எம். எனக் காலை பத்து மணிவரை சுற்றினர். நகரின் ஆறு அரசு மருத்துவமனைகளில் ஒன்றிலும் இடம் கிட்டவில்லை. முடிவில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்து சுமார் 17,000 ரூபாய் செலவு செய்து உயிர் பிழைத்தார்.

அவர் சார்ந்திருந்த பச்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி என்னும் விவசாயத் தொழிலாளர் சங்கம் இதனை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. 1996ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் தீர்ப்பு வந்தது. உரிய நேரத்தில் உயிர்காக்கும் சிகிச்சை அளிக்க அரசு மருத்துவமனை தவறினால், அது அரசியலமைப்பின் 21ஆம் விதி அளிக்கும் உயிர்வாழும் உரிமையை மீறியதாகும் என்றும், பணமில்லை என்று கூறி அரசு இக்கடமையிலிருந்து விலக முடியாது என்றும் நீதிபதிகள் கூறினர். அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு அளிக்க ஆணையிட்டனர். எந்த மருத்துவமனையில் படுக்கை காலி என்று அறியும் தொடர்பு ஏற்பாடும், போதிய ஆம்புலன்சு வசதியும் வேண்டும் என்று நெறி வகுத்தனர்.

இவ்வழக்கில் இரண்டு செய்திகள் என் மனத்தைத் தொட்டன. 21ஆம் விதி ‘குடிமகன்’ என்று கூறவில்லை. ‘நபர்’ என்றே கூறுகிறது. வங்காளத்தில் பிறந்தவன், தமிழ்நாட்டில் பிறந்தவன், மொழி தெரிந்தவன், தெரியாதவன் என்ற வேறுபாடு அங்கில்லை. “நாம் வெளியூர்க்காரர், அதிகம் கேட்டால் என்ன நினைப்பார்களோ” என்று மருத்துவமனை வாசலில் நாம் கூசி நிற்கிறோமே, அந்தக் கூச்சத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. மற்றொன்று, நம் பகுதி மருத்துவமனையின் பெயர். சம்புநாத் பண்டிதர் காஷ்மீரப் பண்டிதர் குடும்பத்தவர். கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக 1863இல் அமர்ந்தவர். வேற்றிடத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பெயரே இன்று இங்கு நோயாளர் நுழையும் வாயிலில் நிற்கிறது. பஞ்சாபியர், குஜராத்தியர், மார்வாரியர், தமிழர் எனப் பலரும் கலந்து வாழும் பவானிபூருக்கு இது பொருத்தமானதே.

இடம் கிடைப்பது முதல் உரிமை என்றால், சொல்வது விளங்குவது இரண்டாம் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தை மத்திய நலவாழ்வு அமைச்சகம் 2018இல் வரைவாக வெளியிட்டது. அதில் 17 உரிமைகள் கூறப்பட்டிருந்தன. 2019இல் அதனை ஏற்று நடக்குமாறு மாநில அரசுகளைக் கேட்டுக்கொண்டது. நோயின் தன்மை, காரணம், செய்ய இருக்கும் சிகிச்சை ஆகியவற்றை நோயாளிக்கு அவர் அறிந்த மொழியில், அவருக்கு விளங்கும் வகையில் எடுத்துரைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதே சாசனம் நோயாளிக்கும் கடமை சொல்கிறது; தன் உடல்நிலை பற்றிய செய்திகளை மறைக்காமல் மருத்துவரிடம் கூற வேண்டும் என்பது அது. தகரப்பெட்டியின் அடியில் சீட்டை வைத்திருந்த நான் அக்கடமையில் தவறியவன்.

நோயாளியின் சம்மதம் என்பது எவ்வளவு பெரியது என்பதை 2008ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த மற்றொரு தீர்ப்பு காட்டுகிறது. தில்லியில் ஒரு பெண்மணி சோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அவருடைய தாயாரிடம் கேட்டுவிட்டுப் பெரிய அறுவை சிகிச்சையே செய்துவிட்டனர். வயது வந்தவர், தெளிவுடன் முடிவு செய்ய வல்லவர், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. ஆகவே அவருக்குப் பதிலாகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்று நீதிமன்றம் கூறிற்று. பெற்ற தாயே மகளுக்காகத் தலையசைக்க முடியாதென்றால், ஆறாம் வகுப்புப் பேரன் பாட்டிக்காகத் தலையசைப்பது எங்ஙனம் தகும்? என் தாயார் அன்று ஒரு தாளில் கையெழுத்தும் போட்டிருந்தார். “என்ன எழுதியிருந்தது அம்மா?” என்றேன். “அந்தப் பெண் விரலால் இடத்தைக் காட்டினாள், தம்பி, போட்டேன்” என்றார்.

மொழி அறியாமையினால் நேரும் இடர் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1980இல் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். கியூபாவிலிருந்து குடியேறிய அவனுடைய குடும்பத்தார் ‘இன்டாக்சிகாடோ’ என்ற ஸ்பானியச் சொல்லைக் கூறினர். உண்ட உணவு ஏதோ ஒவ்வாமல் போயிற்று என்பது அவர்கள் கருத்து. ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதேபோல் ஒலிக்கும் சொல் போதையைக் குறிப்பது. மருத்துவர்கள் போதைமருந்து உண்டவன் என்று கொண்டு சிகிச்சை செய்தனர். உண்மையில் அவன் மூளையில் இரத்தக் கசிவு. அது அறியப்படுவதற்குள் கைகால்கள் நான்கும் செயலற்றுப் போயின. வாழ்நாள் இழப்பீடாகச் சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர் என்று உடன்பாடாயிற்று. ஒரு சொல்லின் விலை அது. அந்நாட்டில் 2016இல் வகுத்த விதி, உயிராபத்தான நெருக்கடியில் வேறு ஆள் கிடைக்காவிட்டாலன்றி, நோயாளிக்கு மொழிபெயர்க்கச் சிறுவரைப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தது.

நமக்கும் வங்காளத்துக்கும் இடையே இத்தகைய சொற்குழிகள் பல உண்டு. ‘கால்’ என்றால் நமக்கு நடக்கும் கால். அவர்களுக்கு அது நேற்றும் ஆகும், நாளையும் ஆகும். “கால் ஜொர் சிலோ?” என்று, நேற்றுக் காய்ச்சல் இருந்ததா எனக் கேட்ட மருத்துவரிடம், “காலில் ஒன்றுமில்லை” என்று விடை சொன்ன பெரியவரை நான் அறிவேன். நேற்றா நாளையா என்று தெளியாமல் மாத்திரையைத் தொடங்கினால் விளைவு சிரிப்புக்குரியதாக இராது. நாம் ‘மயக்கம்’ என்று தலைசுற்றலையும் கூறுவோம். நினைவு தப்புவதையும் கூறுவோம். வங்காளியர் முன்னதை ‘மாதா கோரா’ என்றும், பின்னதை ‘ஒக்கான்’ என்று ஒலிக்கும் சொல்லாலும் பிரித்துரைப்பர். அந்த ‘ஒக்கான்’ நம் காதில் அஞ்ஞானம் என்று விழும். மூலச் சொல் ஒன்றே, ஆனால் நமக்கு அது அறியாமை! மருத்துவர் இரண்டு மயக்கத்துக்கும் ஒரே மருந்து தருவதில்லை.

சிறுவரை அனுப்புவதில் வேறொரு தீங்கும் உண்டு. பெண்களின் உடல்நிலை பற்றிய கேள்விகளைப் பேரன் பாட்டியிடமோ, மகன் தாயிடமோ எப்படிக் கேட்பான்? கேட்டாலும் அவர்கள் எப்படி விடை சொல்வார்கள்? சொல்லாமல் விடுவதே வழக்கம். அப்படி விடப்பட்ட நோய்கள் முற்றிய பின்னரே வெளிவருகின்றன. அன்றியும், தன் சொல்லினால் ஒருவருக்குத் தீங்கு வந்தது என்னும் சுமையைப் பிள்ளைத் தோள் தாங்காது. என் மகன் ஏறத்தாழ இரண்டு மாதம் வீட்டுக்கு வெளியே வங்காளம் பேசவில்லை. தோழர்கள் பந்தாட அழைத்தாலும் தலையசைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவான். என் தாயாரின் வீக்கம் இரண்டு நாளில் வடிந்தது. அவனுடையது வடிய இரண்டு மாதம் ஆயிற்று.

இரயில்வேயில் பழமையான வழக்கம் ஒன்று உண்டு. ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு வண்டியை அனுப்புவது பற்றித் தொலைபேசியில் பேசும்போது, “ஆம், அனுப்பலாம்” என்ற சொல் மட்டும் போதாது. விடை சொல்பவர் தம்மிடமுள்ள தாளிலிருந்து பிரைவேட் நம்பர் என்னும் தனி எண்ணையும் கூற வேண்டும். அதனைக் கேட்பவர் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் இவ்வளவு? அவசரத்தில் ‘சரி’ என்பது நாவில் தானே வந்துவிடும் சொல். கேட்டது என்ன, சொன்னவர் யார், சொன்னது உறுதிதானா என்பதை அந்த எண் நிலைநாட்டுகிறது. ஆயிரம் பேர் செல்லும் வண்டிக்கு நாம் செய்யும் இக்காவலை, பெற்ற தாய் ஒருத்திக்குச் செய்யத் தவறினேனே என்று அந்நாளில் பலமுறை வருந்தினேன்.

ஆகவே நம் குடும்பங்கள் சில வழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும் என்று பணிவுடன் கூறுகிறேன்.

முதலாவது, மருத்துவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். “இந்த மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று, நாளை முதல், உணவுக்குப் பின், சரிதானே?” என்று கேளுங்கள். அவர் ‘சரி’ என்றால்தான் எழுந்திருங்கள். இதில் அவமரியாதை ஒன்றுமில்லை. நல்ல மருத்துவர் இதனை விரும்பவே செய்வார்.

இரண்டாவது, ஒவ்வாத மருந்து, நாள்தோறும் உண்ணும் மருந்து, முன்பு நடந்த அறுவை சிகிச்சை ஆகியவற்றைத் தமிழிலும் வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு சிறு அட்டையில் எழுதி, நோயாளியின் உடலோடு வையுங்கள், பெட்டியில் வைக்காதீர்கள்.

மூன்றாவது, விளங்காத தாளில் கையெழுத்திடாதீர்கள். “எனக்கு விளங்கவில்லை” என்பதை வங்காளத்தில் “புஜ்தே பார்ச்சி நா” என்பர். நம் வீட்டுப் பெரியோர் வேறு எதனைக் கற்காவிட்டாலும் இம்மூன்று சொற்களைக் கற்க வேண்டும். தெரிந்தவர் யாரேனும் வரும் வரை, அல்லது தொலைபேசியில் கிடைக்கும் வரை பொறுத்திருக்கும்படி கேட்கலாம். கைபேசியில் மொழிபெயர்க்கும் கருவிகள் இன்று வந்துள்ளன. தண்ணீர் வேண்டும், வலிக்கிறது என்று சொல்ல அவை உதவும். அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் இடத்தில் அவற்றை மட்டும் நம்புவது தகாது. மயக்கத்துக்கும் மயக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவையும் தவறவிடக் கூடும்.

நான்காவது, தாள்களைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவக் குறிப்புகளை நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அளிக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதி. நான் எழுதிக் கேட்டேன்; இரண்டாம் நாளே கிடைத்தது.

ஐந்தாவது, முறையிட இடமுண்டு என்பதை அறிந்திருங்கள். தனியார் மருத்துவமனைகளையும் நர்சிங் ஹோம்களையும் நெறிப்படுத்த மேற்கு வங்காளத்தில் 2017இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அவசர உயிர்காப்புச் சிகிச்சையைப் பணமில்லை என்று மறுக்கக் கூடாது. கட்டணம் செலுத்தவில்லை என்று இறந்தவரின் உடலைப் பிடித்துவைக்கக் கூடாது என்று அது விதித்தது. முறையீடுகளைக் கேட்க ஓர் ஆணையத்தையும் நிறுவியது. மருத்துவரின் தொழில் ஒழுக்கம் பற்றிய புகாரை மாநில மருத்துவக் கவுன்சிலில் கொடுக்கலாம். கட்டணம் செலுத்திப் பெறும் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்கும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே முறையிட இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு. இவற்றையெல்லாம் அறிந்தவன் மருத்துவமனையில் கூச்சலிட மாட்டான். நாற்காலியை உடைக்க மாட்டான். வழி தெரியாதவனே கை ஓங்குகிறான்.

நான் வழக்குத் தொடரவில்லை. நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நோயாளியை ஏற்கும் தாளில் ‘இவர் அறிந்த மொழி எது, மொழிபெயர்த்த வயது வந்தவர் யார்’ என்னும் இரண்டு கேள்விகளைச் சேர்க்குமாறு அதில் கேட்டிருந்தேன். வருத்தம் தெரிவித்து விடை வந்தது. சில மாதம் கழித்து வேறு காரியமாக அங்கே சென்றபோது, எழுதும் மேசையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தேன். முதல் கேள்வி மட்டும் கையால் எழுதிச் சேர்க்கப்பட்டிருந்தது. பாதி வெற்றி என்று திரும்பினேன்.

எஞ்சிய பாதியை நாமே செய்ய வேண்டும். வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். அயல்மொழி நாட்டில் வாழும் நமக்கு அந்த நான்காமவரே மொழிபெயர்ப்பாளரும் ஆக வேண்டும். நம் சங்க உறுப்பினருள் வங்காளமும் தமிழும் நன்கறிந்த ஆடவர் பத்துப் பேரும் பெண்டிர் பத்துப் பேரும் முன்வந்தால், அவர்கள் பெயரையும் வர இயன்ற நேரத்தையும் ஒரு பட்டியலாக்கி வீடுதோறும் கொடுத்துவிடலாம். நேரில் வர இயலாவிட்டால் தொலைபேசியிலேனும் பேசலாம். பெண்களுக்குப் பெண்களே பேச வேண்டும். இதற்குப் பொருட்செலவு ஒன்றுமில்லை. மாதத்தில் ஓரிரு மணி நேரம் போதும். முதற்பெயராக என் பெயரைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.

இப்பணியை நம்மவர்க்கு மட்டுமென்று நிறுத்திவிடக் கூடாது. ஹௌராவிலிருந்து தெற்கே போகும் வண்டிகளில் எத்தனை வங்காளக் குடும்பங்கள் எக்ஸ்ரே உறைகளை மடியில் வைத்துக்கொண்டு வேலூருக்குப் பயணம் செய்கின்றன என்பதைச் சாளரத்தில் அமர்ந்து நான் நாள்தோறும் காண்கிறேன். 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையுடன் தொடங்கிய அந்த மருத்துவப் பணி இன்று பெரிய மருத்துவமனையாகி, வங்காளியரின் நம்பிக்கைக்கு உரியதாய் நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகளும், மீன்குழம்புச் சோற்றுக் கடைகளும் உண்டு. ஆயினும் தமிழ் தெரியாத அவர்கள் அங்கே நிற்கும் நிலையும், வங்காளம் தெரியாத என் தாயார் இங்கே நின்ற நிலையும் ஒன்றே. வேலூருக்குப் புறப்படும் அண்டைவீட்டு வங்காளியருக்கு நாமும் ஓர் அட்டையில் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். எங்கள் கீழ்வீட்டு மாஷிமாவுக்கு அவ்வாறு எழுதிக் கொடுத்தது என் மகன். அருகிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்தது நான். அன்றுதான் அவன் மீண்டும் வாய்விட்டு வங்காளம் பேசினான்.

என் தாயார் ஊருக்குப் புறப்படுமுன் பேரனை அருகில் அழைத்தார். “உன்னால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணா. பெரியவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் உன்னை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்” என்றார். அடுத்த அறையில் இருந்த என் காதிலும் அது விழுந்தது. விழ வேண்டும் என்றே சற்று உரக்கச் சொன்னார் போலும்.

இன்று அவருடைய சுருக்குப் பையில் வெற்றிலை பாக்கோடு மும்மொழியில் எழுதிய சிறு அட்டை ஒன்றும் இருக்கிறது. மழையில் நனையாதிருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறோம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற பழமொழி பொய்யன்று. ஆனால் அந்த வாய் பெரியவருடையதாக இருக்கட்டும். கேட்ட கேள்வி விளங்கிய பின் திறப்பதாகவும் இருக்கட்டும்.